அதிவிரைவு கேட்ட பிரிவு உபசாரம்

தாமதத் தடுப்புத் துறையின் கொற்றவூர் மாவட்டத் துணை இயக்குநர் தெய்வநாயகம், பிரிவு உபசார விழாக்களில் பேசுவதற்கென்றே பிறவி எடுத்தவர். மாவட்டத்தில் எந்தத் துறையில் யார் ஓய்வு பெற்றாலும் முதலில் சாமியானாக்காரருக்குச் சொல்லுவார்கள், அடுத்து இவருக்கு. இவர் பேசி முடிக்கும்போது ஓய்வு பெறுபவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். இவ்வளவு பெரிய மகானுக்கா இத்தனை நாள் பழைய குழம்பைச் சுட வைத்து ஊற்றினோம் என்ற திகைப்பும் அந்தக் கண்ணீரில் கலந்திருக்கும். பேச்சு ஒன்றேதான். பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார். ஒருமுறை அதையும் மாற்ற மறந்துபோனார். அன்றைக்கும் அழுதார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு இன்று மாலை நாலு மணிக்குச் சொந்த விழா. ஆட்சியர் வருகிறார். ஊருக்கெல்லாம் வாரி வழங்கியதில் பாதியாவது தனக்குத் திரும்பி வரும் என்று தெய்வநாயகம் காத்திருந்தார். ஆசைப்பட ஒன்றும் பெரிதாக இல்லாமல் போன வயதில் அவர் ஆசைப்பட்டது அந்த ஒரு மாலைக்குத்தான்.

ஆனால் வெறுங்கையோடு ஓய்வு பெறுவது அவருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. போகிற நாளில் ஒரு சாதனை வேண்டும், அதற்கு ஒரு கல்வெட்டு வேண்டும். அலுவலகத்தில் கல்வெட்டு வைக்கத் தோதான பொருள் ஒன்றுதான் இருந்தது. மாவட்டத்தில் தேங்கிக் கிடக்கும் கோப்புகளையெல்லாம் நகர்த்துவதற்காக நிறுவப்பட்ட கணினி. அதன் பெயர் அதிவிரைவு. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் அந்தப் பெயரை எல்லாரும் சிரிக்காமலேயே சொல்லத் தேறியிருந்தார்கள்.

அதன் பழைய பிராசசரைக் கழற்றிவிட்டுப் புத்தம் புதிதாக ஒன்றைப் போடச் சொன்னார். போட்டார்கள். காலையில் பட்டுத் திரையை விலக்கிக் கல்வெட்டைத் திறந்தார். கைதட்டலுக்கு நடுவே பொத்தானை அழுத்தினார்.

விசிறி நாலு சுற்று சுற்றி நின்றது. திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

"புதிய நபரின் பணியேற்பு குறித்த கோப்பு பரிசீலனையில் உள்ளது."

"என்னம்மா இது?" என்றார் தெய்வநாயகம், சர்வீஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்த நிலோஃபரைப் பார்த்து.

"பூட் ஆக மாட்டேங்குது சார்."

"அது எனக்கும் தெரியுது. ஏன் ஆக மாட்டேங்குது?"

"புதுசா ஒண்ணு மாட்டினா சில நேரம் அடம் பிடிக்கும் சார். பார்த்துடலாம்."

நிலோஃபர் பெட்டியைத் திறந்தாள். ரேமை உருவி, அதன் பல் வரிசையை அழிப்பானால் தேய்த்து, மறுபடி 'டக்' என்று சொருகினாள். மின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினாள். மதர்போர்டில் இருந்த பொட்டு அளவு பேட்டரியை எடுத்து வைத்துவிட்டு, பழசெல்லாம் மறக்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டாள். பொத்தானை அழுத்தினாள்.

"தங்கள் நினைவூட்டல் கிடைக்கப்பெற்றது. தொடர்புடைய பிரிவுகளின் கருத்துரு எதிர்நோக்கப்படுகிறது."

தெய்வநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். ஓய்வு பெறுகிறவருக்குப் பணி விடுவிப்பு ஆணை என்று ஒன்று உண்டு. அதை மேடையில் ஆட்சியர் கையால் வாங்குவதுதான் மரபு. ஆணை அதிவிரைவின் வயிற்றிலிருந்து வந்தால்தான் செல்லும். கையால் எழுதிய ஆணை இனி செல்லாது என்று போன வருடம் சுற்றறிக்கை விட்டவர் யாரென்றால், அதுவும் தெய்வநாயகம்தான். ஆணை இல்லையென்றால் ஓய்வு இல்லை. ஓய்வு இல்லையென்றால் விழா இல்லை. நாளை ஆட்சியர் பயிற்சிக்காக வடக்கே போகிறார். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றால், ஓய்வு பெற்றிருக்கவேண்டிய ஆளுக்கு அடுத்த வாரம் யார் மெனக்கெட்டு வந்து கை தட்டுவார்கள்? இவரே போயிருக்க மாட்டார்.

"பழசையே திரும்ப மாட்டும்மா" என்றார். "கல்வெட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆணை வந்தா போதும்."

நிலோஃபர் பழைய பிராசசரை எடுத்து மாட்டினாள். பிஸ்கட் அளவு இருந்தது அது. திரை கொஞ்ச நேரம் யோசித்தது.

"ஓய்வு பெற்றவர் மீண்டும் இருக்கையில் அமர்ந்திருப்பது கவனத்திற்கு வந்துள்ளது. மறுநியமன ஆணையின் நகலை இணைக்கவும்."

"சரியாத்தானே கேக்குது" என்று தெய்வநாயகத்தின் வாயிலிருந்து தன்னையறியாமல் வந்துவிட்டது. உடனே சுதாரித்து, "இது எங்கேம்மா இதெல்லாம் கத்துக்கிச்சு?" என்றார்.

"இங்கதான் சார்."

"இங்க யாரு கத்துக்கொடுத்தா?"

நிலோஃபர் திருப்புளியைக் கீழே வைத்தாள். "முன்னாடியெல்லாம் சந்தையில போலி உதிரிபாகம் ரொம்ப ஜாஸ்தி சார். உள்ள ஒண்ணுமே இல்லாத சில்லுக்கு மேல பெரிய பேரா அச்சடிச்சு வித்தாங்க. அதனால ஒவ்வொரு பாகத்துக்குள்ளயும் கொஞ்சம் அறிவு வச்சாங்க. புதுசா ஒண்ணு உள்ள வந்தா ரேம், டிஸ்க், பவர் சப்ளை, ஃபேன் வரைக்கும் எல்லாம் கூடிப் பேசும். நீ சொல்றதும் நீ இருக்கிறதும் ஒண்ணுதானான்னு விசாரிக்கும். திருப்தியானா ஏத்துக்கும். இல்லன்னா கிளம்பாது."

"விசாரிக்க எவ்வளவு நேரம்?"

"வீட்டுக் கம்ப்யூட்டர்னா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா இந்தப் பெட்டி பொறந்ததுலேர்ந்து உங்க ஆபீஸ் கோப்பைத் தவிர எதையும் படிச்சதில்லை சார். ஃபேன் கூட உங்க காத்தைத்தான் சுத்தியிருக்கு."

கண்காணிப்பாளர் பவுலின் ஓரமாக நின்று புடவைத் தலைப்பால் வாயைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார். தெய்வநாயகத்துக்கு அடுத்த நாற்காலியில் பல வருடங்கள் இருந்தவர். நாளை முதல் அவர்தான் பொறுப்பு. இருவருக்கும் நடுவே பேச்சுவார்த்தை என்று பெரிதாக எதுவும் கிடையாது. கோப்புகள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன.

"கேட்டுப் பாரேன்" என்றார் பவுலின். "என்ன ஆட்சேபணைன்னு நேரடியாவே கேளு."

நிலோஃபர் பழசைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் புதுசையே மறுபடி மாட்டி, சிறு விசைப்பலகை ஒன்றைச் சொருகிக் கேட்டாள். பதில் வரச் சற்று நேரம் பிடித்தது. பெட்டிக்குள் யாரோ யாரிடமோ கையெழுத்துக்கு அலைவதுபோல் உர்ரென்று சத்தம் கேட்டது. பிறகு வரி வந்தது.

"முன்னவர் விடைபெற்றதற்கான விழா நடவடிக்கைக் குறிப்பு கோப்பில் இல்லை. எனவே இடம் காலியானதாகக் கருத இயலவில்லை."

பவுலின்தான் முதலில் பிடித்துக்கொண்டார்.

"சார், அது பிரிவு உபசார விழா கேக்குது."

"எதுக்கு?"

"கழட்டி வச்சோமே, அந்த பிராசசருக்கு."

"விளையாடுறீங்களா?"

"நான் எங்க சார் விளையாடுறேன்? இந்த ஆபீஸ்ல விழா வைக்காம யாராவது போயிருக்காங்களா? ஒருத்தர் போவார், விழாக் குறிப்பு உள்ள ஏறும், அடுத்த தாள்ல புதுசா வந்தவர் சேர்ந்த விவரம் ஏறும். அது பார்த்ததெல்லாம் அதுதான். இன்னைக்கு மொதத் தாளைக் காணோம்."

தெய்வநாயகம் மேஜைமேல் கிடந்த பிஸ்கட்டைப் பார்த்தார். தன் விழா நாளில், தன் மாலைக்கு முந்தி, ஒரு சில்லுக்கு விழா. மானம் ஒரு பக்கம் இழுத்தது, ஆட்சியர் கார் இன்னொரு பக்கம் இழுத்தது. கார் ஜெயித்தது.

"வாசல் கதவைச் சாத்துங்க" என்றார். "சாமியானாவுல வேண்டாம். இங்கேயே முடிச்சுக்கலாம்."

அலுவலக உதவியாளர் உச்சிமாகாளி வரவேற்பறையிலிருந்து குஷன் நாற்காலியைத் தூக்கி வந்தார். அதன் நடுவில் பிராசசரை வைத்தார்கள். மாலை விழாவுக்கென்று வாங்கி வைத்திருந்த பொன்னாடை ஒன்றைப் போர்த்தியபோது விழா நாயகர் கண்ணுக்கே தெரியாமல் போனார். பொன்னாடையை விலக்கி, நாற்காலியின் முதுகில் போட்டார்கள். ரோஜா மாலையில் ஈரம் சொட்டுகிறது என்று நிலோஃபர் தடுத்ததால் ஒற்றைப் பூவோடு நிறுத்திக்கொண்டார்கள். கணினியின் மைக் திறக்கப்பட்டது. எதிரே நின்ற ஊழியர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கூரையைப் பார்த்தார்கள்.

மைக்கைக் கண்டதும் தெய்வநாயகத்தின் உடம்பு தானாக நிமிர்ந்தது. எதிரில் இருப்பது மனிதனா சில்லா என்பதெல்லாம் அந்த உடம்புக்கு ஒரு பொருட்டில்லை. தொண்டையைச் செருமினார்.

"மேடையிலே வீற்றிருக்கிற... நாற்காலியிலே வீற்றிருக்கிற மதிப்பிற்குரிய பிராசசர் அவர்கள், கடிகார முள்ளைப் போலக் காலம் தவறாதவர். தன் குடும்பத்தைப் போல நம் எல்லாரையும் நேசித்தவர். ஓய்வென்றால் என்னவென்றே அறியாதவர். இவர் விட்டுச் செல்லும் இடத்தை இனி எவராலும் நிரப்ப முடியாது..."

குரல் உரிய இடத்தில் தழுதழுத்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் உண்மையிலேயே மூக்கை உறிஞ்சினாள். பேச்சு முடிந்ததும் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

"உரை திருப்பி அனுப்பப்படுகிறது. கீழ்க்காணும் விளக்கங்கள் தேவை. ஒன்று, காலம் தவறாதவர் என்பதற்கு மாறாக, காலை பத்து மணிக்குக் கோரிய கோப்பு மதிய உணவிற்குப் பின்னரே திறந்துள்ளது. இரண்டு, அன்னாரின் குடும்ப விவரம் பணிப்பதிவேட்டில் இல்லை. மூன்று, மின்வெட்டு நேரங்களில் ஓய்வெடுத்துள்ளார். நான்கு, நிரப்ப முடியாது எனக் கூறப்படும் இடம் இன்று காலை நிரப்பப்பட்டுவிட்டது."

வாழ்நாளில் முதல்முறையாகத் தெய்வநாயகத்தின் பேச்சு ஒன்று திரும்பி வந்திருந்தது. யாரோ கன்னத்தில் தட்டியதுபோல் நின்றார்.

"இத்தனை விழாவுல பேசியிருக்கேனே. அப்பல்லாம் வாயைத் திறக்கலையே இது?"

"அப்பல்லாம் எழுதி மட்டும் வச்சுக்கிச்சு சார்" என்றாள் நிலோஃபர். "இன்னைக்கு இதை வச்சு ஒரு முடிவெடுக்கணும் இல்லையா? அதான் சரிபார்க்குது. போலியைக் கண்டுபிடிக்கத்தானே அதுங்களுக்கு அறிவே குடுத்தது."

"என் பேச்சு போலியா?"

நிலோஃபர் திருப்புளியை எடுத்து எதையோ முடுக்கத் தொடங்கினாள். முடுக்குவதற்கு அங்கே எதுவுமில்லை.

பவுலின் முயன்று பார்த்தார். "நம் பிராசசர் மிகச் சிறப்பாகப் பணியாற்றினார்" என்றார். "சிறப்பு என்பதன் வரையறை தருக" என்று வந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர், பள்ளிக்கூட நாளில் நாடகத்தில் நடித்தவர், கண்ணீர் மல்க ஒரு விருத்தமே பாடினார். "ராகம் ஏற்கப்பட்டது. பொருள் திருப்பி அனுப்பப்படுகிறது" என்று வந்தது. வெளியே சாமியானாவில் மைக் செட்காரன் 'அலோ, ஒன், டூ' சொல்ல ஆரம்பித்துவிட்டான். தெய்வநாயகத்தின் மனைவி கோமதி பட்டுப்புடவையில் வந்து இறங்கி, முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது.

உச்சிமாகாளிக்கு வேறு கவலை. நாற்காலியில் கிடக்கிற பொன்னாடையைத் தேய்த்து, சாயங்காலத்துக்கு மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசுவதைப் பார்த்துப் பொறுமை இழந்து, பொன்னாடையை எடுத்து மடித்துக்கொண்டே பிராசசரிடம் குனிந்து முணுமுணுத்தார்.

"எய்யா, நீரு ரொம்ப மந்தம்வே. ஒரு கோப்பத் தொறக்கச் சொல்லிட்டு கீழ போயி டீ குடிச்சிட்டு வந்தாலும் நீரு சுத்திக்கிட்டே கெடப்பீரு. மனு கொடுக்க வந்தவகளும் எங்கூட நிப்பாக. என்ன செய்ய, பேசிக்கிட்டிருப்போம். அப்படிப் பேசிப் பழகுன மனுசன் மவனுக்குத்தான் எம் மவளக் குடுத்தேன். நல்ல பய. நீரு மட்டும் வெரசாத் தொறந்திருந்தீருன்னா அந்தச் சம்பந்தம் கூடியிருக்காது. சரி, போயிட்டு வாரும்."

பெட்டிக்குள் உர்ரென்ற சத்தம் நின்றது.

"ஏற்கப்பட்டது."

அடுத்த வரி: "முன்னவர் விடைபெற்றார். புதியவர் இன்று பிற்பகல் பணியில் சேர அனுமதிக்கப்படுகிறார்."

விசிறி சுழன்றது. நிற்கவில்லை. அதிவிரைவு அதன் பெயருக்கு ஏற்ப முதல்முறையாக நடந்துகொண்டது. திரை பளிச்சென்று விரிந்து, பணி விடுவிப்பு ஆணை நொடியில் தயாராகி வெளியே வந்து விழுந்தது. தாள் கூடச் சூடாக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். உச்சிமாகாளி தன்னைப் பார்த்து ஏன் தட்டுகிறார்கள் என்று விளங்காமல் பொன்னாடையோடு வெளியேறினார்.

"சார், ஒரு விஷயம்" என்று நிலோஃபர் பின்னாலேயே ஓடி வந்தாள். "மேடையில பெரிய திரை வச்சிருக்கீங்களே, பேசப் பேச எழுத்தா வரணும்னு. அது இதோடதான் இணைஞ்சிருக்கு. பழசுக்கு எழுதவே நேரம் போதாது. புதுசுக்கு நேரம் ஏகமா மிச்சம் இருக்கும். எழுதிட்டுச் சும்மா இருக்காது சார், இப்ப பழகின மாதிரி..."

"விழா முடிஞ்சு பேசுவோம்மா. கார் வந்திருச்சு" என்று தெய்வநாயகம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே நடந்தார்.

விழா கோலாகலமாகத் தொடங்கியது. தெய்வநாயகம் நடுநாயகமாக, கழுத்தில் மாலை கனக்க, எத்தனையோ பேரை உட்கார வைத்த இடத்தில் தாமே உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவர் அகலத்துக்குத் திரை. தம்மைப் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் எழுத்தாக நிற்கட்டும், அப்படியே விழா மலராக அச்சிடலாம் என்று அவரே ஏற்பாடு செய்தது.

ஆட்சியர் இளம்பெண். காரில் வரும்போதே யாரோ எழுதிக் கொடுத்ததை வாங்கிப் படித்து வந்திருந்தார்.

"தெய்வநாயகம் அவர்கள் நேர்மையின் சிகரம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஆட்சியர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு புன்னகைத்தார். தெய்வநாயகம் மெல்லத் திரும்பிப் பார்த்தார். திரையில், "சிகரத்தின் உயரம் குறிப்பிடப்படவில்லை" என்றிருந்தது.

"தன் மேஜையில் ஒரு கோப்பைக்கூடத் தேங்கவிடாதவர்."

"தேங்கியுள்ள கோப்புகளின் விவரம் இணைப்பில் காண்க" என்றது திரை. இணைப்பு கீழிருந்து மேலாக ஓடத் தொடங்கியது. சாவகாசமாக, சினிமா முடிந்ததும் பெயர்கள் ஓடுமே, அதுபோல. கூட்டத்தில் சிலர் தங்கள் மனுவின் எண்ணைக் கண்டு எழுந்து நின்றே பார்த்தார்கள்.

இப்போது ஆட்சியரும் திரும்பிப் பார்த்துவிட்டார். ஐஏஎஸ் படித்தவர், சட்டென்று சுதாரித்தார். கையிலிருந்த தாளை மடித்தார்.

"சாருக்கு இன்னையோட அறுபது வயசு முடியுது" என்றார்.

"ஏற்கப்பட்டது."

கூட்டம் ஆரவாரித்துக் கைதட்டியது. ஆட்சியர் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு பேச ஆளில்லை. ஊழியர் சங்கத் தலைவருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. முன்னாள் துணை இயக்குநருக்குத் தொண்டை கட்டியது. வாழ்த்துக் கவிதை எழுதி வந்தவர் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து, பையின் மேல் உட்கார்ந்துகொண்டார். அழைப்பிதழில் பெயர் போடவில்லை என்று ஒரு வாரமாகச் சண்டை பிடித்த இரண்டு பேர், பெயர் போடாததற்கு நன்றி சொல்வதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் ஆட்சியர் பக்கத்தில் இருந்தும் தெய்வநாயகம் தனியாக உட்கார்ந்திருந்தார். மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழ் மடியில் விழுந்தது. தாம் ஊரெல்லாம் அள்ளி இறைத்ததில் ஒரு சொல்கூட தமக்கு மிஞ்சவில்லையே என்று நினைத்தார். கண் எரிந்தது. முதல் வரிசையில் கோமதியைப் பார்த்தார். கோமதி இணைப்பைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பவுலின் எழுந்து மைக்குக்கு வந்தார்.

"எனக்கு சாரைப் பிடிக்காது" என்றார்.

"ஏற்கப்பட்டது" என்றது திரை, யோசிக்கவே இல்லாமல்.

"அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனா ஒண்ணு சொல்லணும். என் வீட்டுக்காரருக்குக் கிட்னி போயி, வாரத்துல ரெண்டு நாள் ஆஸ்பத்திரி, அஞ்சு வருஷம். சாருக்கு முன்னாடி இருந்த ஆபீசருங்க லீவு கேட்டா கூப்பிட்டு நிக்க வச்சு, ஏன், எதுக்கு, வேற யாரும் இல்லையான்னு கேப்பாங்க. நான் நின்னு அழுது பதில் சொல்லணும். சார் வந்தப்புறம் ஒருநாள்கூட என்னைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எல்லா லீவையும் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டார். அந்த அஞ்சு வருஷத்தை நான் தாண்டினதே அதனாலதான்."

திரையில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. உள்ளே எல்லாக் கோப்புகளும் புரட்டப்படுவது தெய்வநாயகத்துக்குத் தெரிந்தது. ரோஜா இதழை விரலால் நசுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"ஏற்கப்பட்டது."

முதல் வரிசையில் கோமதி இணைப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். கூட்டம் கைதட்டியது. இந்தத் தடவை மெதுவாக, ஒழுங்கில்லாமல், யார் தொடங்கினார்கள் என்று தெரியாமல் தட்டியது.

அடுத்தது ஏற்புரை. தெய்வநாயகம் மைக்கைப் பிடித்தார். 'சக ஊழியரின் துயரத்தைத் தன் துயரமாகக் கருதுபவன் நான்' என்ற வாசகம் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேருக்காகச் சொன்ன வாசகம். முதுகுக்குப் பின்னால் திரை வெள்ளையாகக் காத்திருந்தது. அவர் வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"நான் அந்த லீவு லெட்டரைப் படிச்சதே இல்லம்மா" என்றார். "எதையும் படிக்கிறதில்லை. கையெழுத்துப் போடுற இடத்தை மட்டும் பார்ப்பேன்."

"ஏற்கப்பட்டது."

பவுலின் இன்னொரு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"முதல் வருஷம் ஆஸ்பத்திரின்னு உள்ளதை எழுதினேன். நீங்க ஒண்ணுமே கேக்கலையா, கொஞ்சம் சந்தேகம் வந்திருச்சு. ஒரு தடவை 'சினிமாவுக்குப் போக வேண்டியிருப்பதால்'னு எழுதி அனுப்பினேன். கையெழுத்தாகி வந்துச்சு. அடுத்த தடவை 'சும்மா'ன்னு எழுதினேன். அதுவும் வந்துச்சு. அப்புறம் ஒரு மாசம் எல்லாத்துலயும் 'தெய்வநாயகம் சாரைப் பார்க்கப் பிடிக்காததால்'னுதான் எழுதினேன்."

"நான் கையெழுத்துப் போட்டேனா?"

"பச்சை மையில சார்."

திரை எதையும் சொல்லும் முன்பே கோமதி சிரித்துவிட்டாள். சத்தமாக, பட்டுப்புடவை குலுங்க. அது பின்வரிசை வரை பரவியது. ஆட்சியர் மேடை நாகரிகத்தை மறந்து மேஜையில் தட்டினார். தெய்வநாயகமும் சிரிக்கத் தொடங்கினார். சிரிக்கும்போதே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அது எதனால் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பேச ஆள் வந்தது. ஓடிப்போன சங்கத் தலைவர் போனை அணைத்துவிட்டு வந்து, தன்னுடைய டிபன் கேரியரிலிருந்து சார் ஒருநாள் கோழிக்காலை எடுத்துத் தின்றுவிட்டு இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனதைச் சொன்னார். ஏற்கப்பட்டது. டிரைவர் ஒருவர், சார் காரில் ஏறியதும் தூங்கிவிடுவார் என்றும், அதனால் எந்த ஊருக்கும் நிம்மதியாக வண்டி ஓட்ட முடிந்தது என்றும் சொன்னார். ஏற்கப்பட்டது. ஒரு மனுதாரர் மேடையேறி, தன் மனு இன்னும் மூன்றாவது மேஜையில்தான் இருக்கிறது, ஆனாலும் போகும்போதெல்லாம் சார் உட்காரச் சொல்லுவார் என்றார். அதுவும் ஏற்கப்பட்டது. விழா இருட்டும்வரை நீண்டது. கொற்றவூரில் அவ்வளவு நேரம் ஒரு பிரிவு உபசார விழாவில் யாரும் நகராமல் இருந்ததை ஒருவரும் பார்த்ததில்லை.

கடைசியில் ஆட்சியர் எழுந்து, பணி விடுவிப்பு ஆணையைத் தெய்வநாயகத்திடம் கொடுத்தார். பெற்றுக்கொண்டதற்கு அவர் கையெழுத்திட வேண்டும். உச்சிமாகாளி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

தெய்வநாயகம் பேனாவை வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆணையை முகத்துக்கு நேரே பிடித்து முதல் வரியிலிருந்து தொடங்கினார். பார்வை எண், பொருள், ஆணை விவரம் என்று உதடு அசைய நிதானமாகப் போனார். ஆட்சியர் பொன்னாடையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி நின்றார். போட்டோக்காரர் குனிந்த நிலையிலேயே இருந்தார். கூட்டம் டீத் தம்ளரோடு காத்திருந்தது.

"சார், கையெழுத்துப் போடுங்க" என்றார் பவுலின் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில். "எல்லாரும் நிக்கிறாங்க."

"இரும்மா. படிக்கிறேன்."

"இன்னைக்கா சார்?" என்றார் பவுலின்.